கிளட்ச்சில் இரண்டு விரல்

கோயம்புத்தூர் கணபதியில் சுகந்தி மாஸ்டர் என்றால், ரேஸ் ஓட்டுகிற வாலுப் பையன்கள்கூட ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்கள். டூ-ஸ்ட்ரோக் இஞ்சினில் அந்தம்மாவுக்கு அப்படியொரு கைராசி. அவரிடம் சீடராகச் சேர்ந்த செங்கோடனோ மாஸ்டரைவிட வயதில் பெரியவர். காலமெல்லாம் ஸ்கூட்டர் ரிப்பேர் பார்த்துச் சலித்துப்போய், ரேஸ் வண்டி பழக வந்த மனுஷன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் பட்டறைக்கு வந்தார். செத்துப்போனது அவர் மனைவியின் தம்பி கிருபாகர். அவன் ஓட்டியது, செங்கோடன் முதன்முதலாகத் தன் கையாலேயே இரண்டு ரேஸ் கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்த வண்டி. ரேஸில், நேர்ப்பாதையில், முழு வேகத்தில் போகும்போது இஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்துவிட்டது.

"ஏனுங்க மாஸ்டர், என் வேலையில தப்புங்களா?"

மாஸ்டர் இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். கார்புரேட்டரையும் இஞ்சினையும் சேர்க்கிற ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே வளைத்துக் காட்டினார். உள்ளே மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

"புது ரப்பருங்கண்ணா. காத்தை இழுத்திருக்கு. பெட்ரோல் குறைஞ்சா, அதுல கலந்த ஆயிலும் குறையும். பிஸ்டன் பிடிச்சிருச்சு. பெட்ரோல் விடற ஜெட்டெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. நான் மாட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

செங்கோடனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்தது ஒரு நிமிஷம் நிற்கவில்லை, பாவம்.

"இன்னொன்னு இருக்குங்க."

"சொல்லுங்க."

"ரேஸுக்கு முன்னாடி கிருபாகர் வண்டியை ஓட்டிப் பாக்கறப்ப கவனிச்சேனுங்க. ஸ்ட்ரெயிட்டுல போறப்ப ரெண்டு விரலைக் கிளட்ச் மேலயே வெச்சிருந்தான்."

"வெச்சுத்தான் ஓட்டோணும். இஞ்சின் பிடிக்கறப்ப கிளட்ச்சை இழுத்தாத்தான் சக்கரம் விடும். கண்ணை மூடித் தொறக்கற நேரங்கூடக் கிடைக்காது."

"அது எனக்குத் தெரியாதுங்களா? ஆனா நான் மாட்டின கார்புரேட்டரு பாருங்க, எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. 'ஏண்டா மாப்ளே, மாமன் வேலை மேல உனக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா'ன்னு கேட்டுட்டேன். எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேனுங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"சிரிச்சான். 'கோவிச்சுக்காதீங்க மாமா'ன்னான். ரேஸன்னிக்கு என்னைத் தாண்டிப் போறப்பப் பாத்தேன். அஞ்சு விரலும் கைப்பிடியிலதான் இருந்துச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க மாஸ்டர்."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அழுகை வந்தது, சத்தம் வரவில்லை.

"வண்டியில என்ன கோளாறுன்னு வீட்டுல அவ கேட்டுக்கிட்டே இருக்கறா. ரப்பர்தான்னு சொல்லிரட்டுங்களா? அதுவும் நெசந்தானுங்களே?"

மாஸ்டர் விழுந்த வண்டியின் அந்த இரண்டு கார்புரேட்டரையும் எடுத்தார். ஒன்றில் தார் உரசிய கீறல் இருந்தது. இரண்டையும் கழுவி, தன்னுடைய ரேஸ் வண்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீங்களே மாட்டுங்கண்ணா. புது ரப்பர் போடுங்க."

செங்கோடன் மாட்டினார். வேலை பிசகவில்லை. பிறகு வண்டியை அதே ரேஸ் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. ஸ்ட்ரெயிட்டுல ஆக்சிலேட்டரை முழுசாத் திருகோணும்."

முதலில் வண்டி முக்கியது, முனகியது. நேர்ப்பாதையில் திருகியதும், அடேயப்பா, கார்புரேட்டர் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு கத்தின. முன்சக்கரம் தரையில் நிற்கமாட்டேன் என்றது. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான வேலை. செங்கோடனுக்கு மாத்திரம் அந்த ரப்பரைத் தவிர வேறு நினைப்பில்லை. கடையில் வாங்கிய புது ரப்பர். இதற்குள்ளே என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

குனிந்து பார்த்தார். இடது கையில் இரண்டு விரல் கிளட்ச் மேலே இருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. எடுக்கப் பார்த்தார். வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

திரும்பி வந்து இஞ்சினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"என் வேலையை நானே நம்பலீங்களே, மாஸ்டர். அவகிட்ட எந்த வாயில ரப்பருன்னு சொல்லுவேன்?"

"நம்பாம வெக்கலீங்கண்ணா. உசுரோட வீடு போய்ச் சேரோணும்னு வெச்சீங்க. அவனும் அதுக்குத்தான் வெச்சான்," என்றார் மாஸ்டர். "உங்க கையைப் பாத்துக் கோவிச்சுக்கத்தான் அங்க ஆளில்லை."