மலைமுடியானின் முத்திரை

ஒரு விடுகதை போடுகிறேன். ஆள் போய்விட்டார், கால் மட்டும் இங்கேயே கிடக்கிறது. அது என்ன? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

காட்டுக் குளம் ஒன்றுக்கு மலைமுடியான் என்ற கொம்பன் யானைதான் ராஜா. ஒரு மழைக்காலத்தில் அது கரைச் சேற்றில் முன்னங்காலை ஓங்கி மிதித்தது. பெரிய சட்டி அளவுக்குப் பள்ளம் விழுந்தது.

"எல்லோரும் பாருங்கள்! இது என் முத்திரை! இதைத் தாண்டித் தண்ணீருக்கு வருகிறவன் இந்தச் சேறு மாதிரி நசுங்குவான்! நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைப் பார்த்து நடுங்குங்கள்!"

அன்றிலிருந்து மற்ற விலங்குகள் பாறை இடுக்கில் கசியும் நீரைத்தான் நக்கிக் குடித்தன.

கோடை வந்தது. குளம் வற்றியது. கடைசிக் கலங்கலையும் உறிஞ்சிவிட்டு மலைமுடியான் மலைக்கு அப்பால் போய்விட்டது. கரையெல்லாம் பாளம் பாளமாக வெடித்தது. யானையின் காலடி மட்டும் சுட்ட மண்போல இறுகிக் கிடந்தது. பாறைக் கசிவும் நின்றுபோயிற்று.

குட்டி முயல் துள்ளிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அம்மா, தண்ணி!"

"பொறுத்துக்கோ, கண்ணு" என்றது தாய் முயல். வேறு என்ன சொல்லும்?

ஒரு பிற்பகல் திடீரென்று மழை கொட்டியது. கொட்டிய வேகத்திலேயே நின்றும் விட்டது. வெடிப்புகள் அவ்வளவு நீரையும் விழுங்கிவிட்டன. மறுநாள் விடிந்தபோது ஒரே ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் பளபளத்தது. மலைமுடியானின் காலடியில்!

துள்ளி ஓடியது.

"நில்லு! அது ராஜா முத்திரை! வந்தார்னா நசுக்கிடுவார்!" என்று தாய் அலறியது.

துள்ளி நின்றுவிட்டது. தண்ணீர் ஒரு தாவல் தூரத்தில் இருந்தது.

பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு தவளை தலையை நீட்டியது. "யாரும்மா அது, முட்டை போட்ட வீட்டு வாசல்ல நின்னு கத்துறது?"

"வீடா? இது மலைமுடியானோட இடம்!" என்றது தாய் முயல்.

"அவரா!" மரக்கிளையிலிருந்த கரிச்சான் குருவி சிரித்தது. "நேத்துதான் பார்த்துட்டு வந்தேன். மலைக்கு அந்தப் பக்கத்துக் குளத்துல இவரைவிடப் பெரிய கொம்பன் இருக்கு. அதுவும் கரையில ஒரு முத்திரை போட்டிருக்கு. நம்ம ராஜா அதைத் தாண்டப் பயந்து எட்டவே நிக்கிறார்!"

தாய் முயல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. விறைத்திருந்த காதுகள் தொய்ந்தன. பிறகு அதற்கும் சிரிப்பு வந்தது. "அட, இத்தனை நாளா ஒரு பள்ளத்துக்கா பயந்தோம்!"

"பள்ளம்னு லேசா சொல்லாதே! அவர் மட்டும் மெதுவா மிதிச்சிருந்தா எனக்கு ஏது வீடு? மகராசன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றது தவளை. "வா குட்டி, குடி. முட்டையைக் கலக்காம, குதிகால் பக்கமாக் குடி. நகம் பதிஞ்ச பக்கம்னாலும் சரிதான்."

விடை உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நடுங்கவைப்பதற்கென்றே பதித்த தடமானாலும், பதித்தவர் போனபின் அது யாருக்கு உதவும் என்பது அவர் வசத்தில் இல்லை.

துள்ளி நகம் பதிந்த பக்கத்தில் குடித்தது.