பெருங்கொக்கின் சிவப்புத் தலை

அந்தக் காலத்தில் பறவைகளும் விலங்குகளும் பேசிக்கொண்டன. பேச்சு இருந்தால் சண்டையும் இருக்கத்தானே செய்யும்? ஓராண்டு மழை பொய்த்து ஏரி பாதியாகச் சுருங்கியதும், இனவாரியாக இடம் பிரித்துக்கொள்வது என்று எல்லாரும் கூடி முடிவு செய்தார்கள். பதிவு செய்யும் வேலை முள்ளம்பன்றிக்கு வந்தது. எழுதுகோலை வெளியே தேட வேண்டாம் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே தகுதி. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்குவார், "ஸ்ஸ்" என்பார், எழுதுவார்.

ஏரியின் தென்மூலைக் கோரையில் ஆளுயரப் பறவை ஒருத்தி இரண்டு முட்டைகளோடு குடியிருந்தாள். அவளுக்கென்று பெயர் கிடையாது. எல்லாரும் நெட்டச்சி என்றார்கள். அவளையும் அவள் புருஷனையும் தவிர அந்த இனத்தில் வேறு யாருமில்லை.

"எந்த இனம்மா நீ?" என்றார் முள்ளம்பன்றி.

"தெரியலீங்களே எழுத்தரய்யா. எங்கம்மா சொல்லாமலே போயிட்டாங்க."

"அப்போ யாராவது 'இவ எங்க ஆளு'ன்னு சாட்சி சொல்லணும். சாட்சி இல்லேன்னா இடம் இல்லை. தென்மூலையை எருமைங்க வேற கேக்குது."

எருமைக் குளம்பு பட்டால் முட்டை என்ன ஆவது? நெட்டச்சி கொக்குகளிடம் ஓடினாள்.

"பறக்கும்போது கழுத்தை மடிச்சுக்கணும், அதுதான் எங்க வழக்கம்," என்றது மூத்த கொக்கு. மடித்துப் பறந்தாள். மூச்சு முட்டிச் சேற்றில் விழுந்தாள். நாரைகளோ, "கிளையில உக்காரணும், வாயே திறக்கக் கூடாது," என்றன. அவள் கால்விரல்களுக்குக் கிளையைப் பிடிக்க வராது. வழுக்கி விழும்போது அவள் போட்ட கூச்சல் ஏழு ஊருக்குக் கேட்டது. நாரைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

திரும்பி வந்து பார்த்தால், எருமைகள் கோரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே இறக்கையை விரித்து அவற்றின் முன்னால் குதித்தாள். குனிந்தாள், சுழன்றாள், புல்லைப் பிடுங்கி மேலே எறிந்தாள். புருஷனும் ஓடிவந்து சேர்ந்துகொண்டான். எருமைகள் அசைபோட மறந்து நின்றன.

முள்ளம்பன்றி மெல்ல அருகில் வந்தார். "கழுத்தை மடிக்காது, கிளையில நிக்காது, வாயை மூடாது, ஆனா ஆடும். இது தனி இனம்தான். பேரு பெருங்கொக்கு." முள்ளைப் பிடுங்கினார். "ஸ்ஸ். மொத்தம் எத்தனை பேரு?"

"நாங்க ரெண்டு பேருதாங்க."

அவருக்கு மனசு என்னவோ செய்தது. கறுப்பு மையை ஒதுக்கிவிட்டுச் செங்காவிக் கலயத்தை எடுத்து வைத்தார். "குறைஞ்சு போனவங்களைச் சிவப்புல எழுதிடுவோம். இனிமே உன் கூட்டுப் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாது."

"எருமைக்குப் படிக்கத் தெரியுமாய்யா?"

அப்படியொரு கேள்வியை அதுவரை யாரும் முள்ளம்பன்றியிடம் கேட்டதில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் நெட்டச்சி கலயத்துக்குள் தலையை விட்டாள், கழுத்துவரைக்கும். பின்னாலேயே புருஷனும் விட்டான். சொட்டச் சொட்ட நிமிர்ந்த இரண்டு சிவப்புத் தலைகளைப் பார்த்ததும் எருமைகள் வந்த வழியே திரும்பிப் போயின.

அன்று முதல்தான் பெருங்கொக்கு சிவப்புத் தலையோடு நின்று ஆடிக் காட்டுகிறது. எருமைக்கு அந்தச் சிவப்பின் பொருள் அன்றைக்கே புரிந்துவிட்டது, எழுதப் படிக்கத் தெரிந்த நாம்தான் இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறோம்.