நான் மதிப்புப் போட்ட வண்டிகள்

கோயமுத்தூர்ல பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறவங்க ரெண்டே வகைங்க. என்னைக் கேட்டு வாங்கி ஏமாந்தவங்க, என்னைக் கேக்காமயே ஏமாந்தவங்க. மொத வகைக்குக் கொஞ்சம் கவுரவம் ஜாஸ்தி. ஒரு நிபுணர் கையால ஏமாந்தோம்னு வெளிய சொல்லிக்கலாம் பாருங்க.

அந்த நிபுணர் நான்தானுங்க. பேரு சென்னியப்பன். என்ற வாசல்ல ரெண்டு சீட்டு, மேல கூரை இல்லாத செவப்புக் கலர் இங்கிலாந்து வண்டி ஒண்ணு பல வருசமா நிக்குது. எனக்கு அது உசுரு. என்ற வீட்டுக்காரி ருக்குமணிக்கு அது மொளகாய் காயப்போடற எடம். அன்னிக்குக் காலையில தோசைக் கரண்டியோட வந்து முன்னால நின்னா. "இன்னிக்காச்சு வண்டி மதிப்புப் போடற வேலை ஒண்ணு புடிச்சுட்டு வாங்க. இல்லீன்னா அந்தத் தகரத்தப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன். ஆளுகிட்டச் சொல்லியும் வெச்சுட்டேன்."

அவ சொன்னாச் செய்வா. அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் இருக்கற வித்தியாசம்.

நேரா வர்கீசு பேக்கரிக்குப் போனேன். அங்க எப்பவும் போல லேத்து பட்டறை நாச்சிமுத்து, சொத்தைப் பல்லு புடுங்குன கன்னம் பன்னு கணக்கா வீங்கிப்போய், டீயில பன்னு முக்கிட்டு உக்காந்திருந்தான். வர்கீசு கல்லாவுல. நான் உக்காரக்கூட இல்லீங்க, வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் உள்ள வந்து, "இங்க சென்னியப்பங்கறது யாருங்க? பழைய ஸ்போர்ட்ஸ் கார் விசயமா பாக்கோணும்"னார்.

சாமி கண்ணத் தொறந்துட்டார்னு நெனச்சேன். "வாங்க வாங்க, உக்காருங்க. வர்கீசு, அண்ணனுக்கு ஒரு டீ, தேங்காய் பன்னு!"

"இல்லீங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாமுங்க. வண்டி வாங்கறீங்க, நல்லதா கெட்டதான்னு தெரியோணும். அவ்வளவுதான? நான் கதவுல ஒரு தட்டுத் தட்டுனாப் போதும். எந்த எடத்துல பட்டி பூசி மறைச்சிருக்கான், எதுல மோதுனது, எல்லாத்தையும் அந்தக் கதவே சொல்லிரும். புளியமரத்துல மோதுன வண்டிக்கு ஒரு சத்தம், வேப்பமரத்துல மோதுன வண்டிக்கு ஒரு சத்தமுங்க."

நாச்சிமுத்து பன்ன வெளிய எடுத்தான். "ஏனுங் மாமா, என்ற மொபெட்டையும் அப்படித்தான தட்டுனீங்க? தட்டுன எடத்துல ஓட்டை உழுந்துருச்சு."

"ஓட்டை உழுந்தாத்தான்டா உள்ளாற பாக்க முடியும்! முழுசா மதிப்புப் போட்டிருக்கேன், அதுக்கு நன்றி இல்ல உனக்கு." நான் திரும்பி வெள்ளைச் சட்டையப் பாத்தேன். அவர் சிரிக்கல. சிரிக்காத ஆளக் கண்டாலே எனக்கு வாய் இன்னும் நீளமாயிரும். "எங்கப்பா மாட்டுத் தரகருங்க. மாட்டுக்குச் சுழி பாக்கற மாதிரி நான் வண்டிக்குச் சுழி பாப்பேன். வெயில்ல நிறுத்தி பானெட்டு மேல சாஞ்சு பாத்தா பெயிண்ட்டுல சுழி தெரியும். ஒரு இத்தாலி வண்டியில, ஓனருக்கு ஆகாத பாடைச் சுழி இருந்துச்சு. வேண்டாமுங்கன்னு தலையால அடிச்சுட்டேன். கேக்காம வாங்கினார் ஒரு மில்லுக்காரர். ஒரே வாரத்துல அவருக்கு மண்டையில ஒரு முடி இல்ல. வண்டிய வித்தார், அடுத்த நாளே முளைச்சுருச்சு. வாங்கினவருக்குப் போச்சு."

"அப்ப உங்க தலை?" வர்கீசு கல்லாவுல இருந்தே கேட்டார்.

என்ற வழுக்கையத் தடவிட்டு, "வாங்கின ரெண்டாவது ஆளு யாருன்னு நெனச்சீங்க?"ன்னேன்.

வெள்ளைச் சட்டை, "சரிங்க, இப்ப நான் வந்ததே..."ன்னு ஆரம்பிச்சார். விடுவனா? பேச விட்டா வேற ஆளப் பாத்துக்கறேன்னு சொல்லிருவாரோன்னு பயம். வாசல்ல நிக்கற என்ற செவப்பு வண்டி கண்ணுக்குள்ள வந்துட்டுப் போச்சு.

"மீட்டரப் பாத்து ஏமாந்துராதீங்க. பாலக்காட்டுல ஒருத்தன், ஓடின கணக்கக் கொறைக்க மீட்டரப் பின்னால திருப்பினான். வித்தான். வாங்கினவன் அவன் பங்குக்குத் திருப்பினான். இப்படியே திருப்பித் திருப்பி, நான் போய்ப் பாக்கறப்ப மீட்டரு பூஜ்யத்துக்கும் கீழ போயிருந்துச்சுங்க. கணக்குப்படி வண்டி இன்னும் கம்பெனியில செய்யவே ஆரம்பிக்கல! பானெட்டத் தொறந்தா உள்ளாற வெறும் இரும்புக் கட்டி, பக்கத்துல ஒரு படம் வரைஞ்ச காயிதம். நான் முன்பதிவு பண்ணிட்டு வந்துட்டேன்."

நாச்சிமுத்துக்குப் பொறை ஏறிருச்சு. வர்கீசு வந்து அவன் முதுகுல தட்டினார்.

"இதுக்கே இருமறயே, கொச்சிக் கதையக் கேட்டா என்ன பண்ணுவ? கடலோரத்துல கிடந்த வண்டி. அத்தனையும் துரு. பெயிண்ட்டுதான் வண்டியத் தாங்கிட்டு நின்னுச்சு. எனக்கு அன்னிக்குன்னு பாத்து ஜலதோசம். அச்சுன்னு ஒரு தும்மல். அவ்வளவுதானுங்க, ஒரு வண்டி முழுசும் செவப்புப் பொடியாப் பறந்துருச்சு. ஓனர் கையில ஸ்டியரிங் மட்டும் இருக்குது, மனுசன் பாவம், அத இன்னும் திருப்பிட்டு நிக்கறார். அந்தத் தெருவுல காயப்போட்டிருந்த வேட்டியெல்லாம் காவியாப் போய், ஆம்பளைக பாதிப் பேரு அப்படியே பழனிக்குக் கெளம்பிட்டாங்க."

"இவ்வளவு தெரிஞ்ச மனுசன் உங்க வாசல்ல நிக்கறத எப்படி வாங்கினீங்க?" நாச்சிமுத்து கொக்கி போட்டான்.

நியாயமா அந்த எடத்துல நான் எந்திரிச்சிருக்கோணும். ஆனா வாய் குன்னூர்ப் பக்கமாப் போயிருச்சுங்க. நானும் பின்னாலயே போயிட்டேன்.

"குன்னூர்ல எஸ்டேட் வெச்சிருந்த பொன்னப்பாங்கற குடகுக்காரரோட வண்டிங்க அது. எனக்குப் பேரம்னா எங்கப்பா பேசற மாதிரிதான். துண்டப் போட்டுக் கைய மூடி, உள்ளாற வெரலப் புடிச்சு வெல சொல்றது. வாய்ல ஒரு வார்த்தை வரப்படாது. சந்தையில எந்தத் தரகரும் அப்படித்தான். நான் துண்டப் போட்டு அவரு வெரல்ல ரெண்ட அமுக்கினேன். அவருக்கு இந்த வழக்கமே தெரியாதுங்க! மனுசனுக்குக் குளுருல வெரலெல்லாம் மொடக்கு வாதம். நான் அமுக்குனது சொகமா இருந்துருச்சு. 'ஆகா'ன்னு அஞ்சு வெரலையும் குடுத்தார். வெல ஏறிருச்சு! நான் கொறைக்கலாம்னு ஒத்தை வெரல அமுக்கினா, அவரு அடுத்த கையையும் குடுக்கறார். துண்டுக்குள்ள புடிச்ச வெலைய மாத்தப்படாதுங்க, அது தரகன் தர்மம். பொழுது சாயறதுக்குள்ள அந்த வெலைக்கு நீலகிரியையே வாங்கியிருக்கலாம், ரயிலோட."

"அப்பறம்?" இப்பக் கேட்டது வெள்ளைச் சட்டை. ஆளு மாட்டுனான்னு எனக்குக் குளுந்து போச்சு.

"அப்பறமென்ன, அவருக்கு வாதமே போயிருச்சு. சந்தோசத்துல வண்டியச் சும்மாவே குடுத்துட்டார். ஏறி உக்காந்து மலையெறங்கினேன் பாருங்க, என்ன வேகம்! கொண்டை ஊசி வளைவெல்லாம் பயந்துட்டு நேரா நின்னுருச்சு. என்ற நெழலு பாதி மலையில பர்லியார்லயே மூச்சு வாங்கி உக்காந்துட்டு, அடுத்த நா பஸ்ஸப் புடிச்சு வந்து சேந்துச்சு. மேட்டுப்பாளையத்துல நிறுத்தி, கொஞ்சம் தண்ணி ஊத்தலாம்னு பானெட்டத் தொறக்கறேன், உள்ளாற இஞ்சினே இல்லீங்க!"

"சத்தம் கேட்டுப் பாக்கலையா மாமா?"

"கேட்டேனே! நல்லா ர்ர்ர்னு ஒரு சத்தம். ஆறு சிலிண்டரும் அருமையா ஓடுதுன்னு பொன்னப்பாகிட்டயே பாராட்டினேன். அது அத்தனையும் தேன்கூடு! உலகத்துலயே தேனீக்கு ட்யூனிங் சரியா இருக்குன்னு சொன்ன ஒரே நிபுணன் நான்தான்டா!"

பேக்கரியே சிரிச்சுது. வெள்ளைச் சட்டை மட்டும் டீ கிளாஸக் கீழ வெச்சார். "அப்ப உங்க வாசல்ல நிக்கற வண்டியில இஞ்சின் இல்லீங்களா?"

"ஒரு நட்டு கூட இல்லீங்க!"ன்னேன் நெஞ்ச நிமித்தி.

அவர் பெருமூச்சு விட்டுட்டு போன எடுத்தார். "அம்மா, பழைய இரும்புக் கடைக்காரன் பேசறனுங்க. வண்டி அவரு பேருல இருக்குதேன்னு ஒரு வார்த்தை கேக்க வந்தேன். வண்டியில இஞ்சினே இல்லியாமுங்கம்மா. உங்க வீட்டுக்காரரே சொல்றாரு."

என்ற வண்டிய வெட்டி எடுக்க வந்த ஆளுக்கா நான் தேங்காய் பன்னு வாங்கிக் குடுத்தேன்! உங்களுக்கு மட்டும் சொல்றேன், இஞ்சின் இருக்குதுங்க. ஓடாது, அது வேற. ஆனா இருக்குது.

போன்ல ருக்குமணி குரல் பேக்கரி முழுக்கக் கேட்டுச்சு. "இருக்குதுங்க! காலையிலதான் தொறந்து பாத்தேன். கல்லாட்டம் கிடக்குது!"

அவர் யோசிச்சார். "அந்த இஞ்சினுக்காகத்தானுங்க வந்ததே. மத்ததெல்லாம் தகரம், தூக்கற கூலி கூடக் கட்டாது. சரி, எதுக்கும் ஒரு எட்டு வந்து பாத்துடறேன்."

என்ற சோலி முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அழுகையே வந்துருச்சுங்க, பொய் இல்ல. அப்ப, நான் சொன்னது ஒண்ணைக்கூட இது வரைக்கும் நம்பாத நாச்சிமுத்து எந்திரிச்சான். "போகாதீங்க அண்ணா. கூடு இன்னும் உள்ளாறதான் இருக்குது. எட்டிப் பாத்ததுக்கு என்னையப் பாருங்க"ன்னு வீங்குன கன்னத்தக் காட்டினான். வர்கீசு கல்லாவுல இருந்து எறங்கி வந்து, "அந்தத் தேனத்தானுங்க நான் கேக்குல ஊத்தறேன்"னார். எனக்கே அந்த நேரத்துல இஞ்சின் இருக்குதா இல்லியான்னு சந்தேகம் வந்துருச்சு.

இரும்புக்கடைக்காரர் ரெண்டடி பின்னால போனார். "வேண்டாமுங்கம்மா. வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்."

போன்ல ருக்குமணி, "வண்டிய விடுங்க. அந்த மனுசனையாச்சு எடை போட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னா.

அவர் என்னைத் தலையில இருந்து கால் வரைக்கும் நிதானமாப் பாத்தார். என்ற தொழில்ல நான்கூட ஒரு வண்டிய அவ்வளவு நேரம் பாத்ததில்லீங்க.

"கட்டாதுங்கம்மா"ன்னார். "அத்தனையும் காத்து."