கடப்பாரை பாதி, வெள்ளம் பாதி

இந்தக் கதையில் ராஜாவும் இல்லை, திருடனும் இல்லை. ஒரு மதில், ஒரு கடப்பாரை, ஆளுக்கொரு பேச்சுப் பேசும் மூன்று பேர், அவ்வளவுதான். முடிவில் உங்களைத்தான் கேட்பேன். அதனால் வழியில் கண்ணில் படுவதை விட்டுவிடாமல் வாருங்கள்.

ஏரிக்குக் கீழே புதிதாக முளைத்த நகர் ஒன்று. அதில் ஒரு முட்டுத் தெரு. தெருவை முட்டி நிற்கும் கடைசி வீடு லாரி டிரைவர் தயாளனுடையது. அந்த வீட்டு மதிலுக்கு அப்பால் அவன் தோட்டம், தோட்டம் முடிந்தால் கால்வாய். மதில் என்றால் சும்மா இல்லை, நல்ல உயரம். நடுவில் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு திருஷ்டி பொம்மை. "என் மதிலைப் பார்த்துட்டுப் போங்க" என்று போகிறவர் வருகிறவரை நிறுத்துவான். மதிலை ஒட்டி உள்ளே ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் அவன் மனைவி குமுதா கிரைண்டர் போட்டு, கடைகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்து வந்தாள்.

அந்த வருஷ மழையில் ஏரி நிறைந்து வழிந்தது. தண்ணீர் தெருவுக்குள் வந்தது, மதிலில் முட்டியது, போக வழியில்லாமல் ஏறத் தொடங்கியது. எதிர்வீட்டு ஜெயசீலி வாசலில் நின்று கத்தினாள்: "அண்ணே, அப்பாவோட கட்டில் வரைக்கும் வந்துடுச்சு! தூக்க ஆளில்லைண்ணே!" அவள் அப்பா படுக்கையை விட்டு எழ முடியாதவர்.

தயாளன் கடப்பாரையை எடுத்தான். எடுத்தவன் உடனே இடித்தானா? இல்லை. ஏணி போட்டு ஏறி, பொம்மையின் கயிற்று முடிச்சை நிதானமாக அவிழ்த்து, அதைக் கொண்டுபோய்க் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தான். பொம்மையோடு சேர்த்து மதிலை இடித்தால் வீட்டுக்கு ஆகாதாம். பிறகுதான் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து உடைத்தான். தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. அவன் தோட்டத்துக் கொய்யா மரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பினான். சந்தை வெள்ளமே அகலப்படுத்திக்கொண்டது. மீதி மதிலைச் சாய்த்தது, கொட்டகையைப் பெயர்த்தது, கிரைண்டரைக் கால்வாயில் கொண்டுபோய்ப் போட்டது. ஆனால் தெரு வடிந்தது. பெரியவர் பிழைத்தார்.

"பொம்மையைத் தூக்கத் தெரிஞ்சுது, என் கிரைண்டரைத் தூக்கத் தோணலையா?" என்றாள் குமுதா. சொல்லிவிட்டு, நடுங்கிக்கொண்டிருந்தவன் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள்.

வீட்டுக் கடனோடு சேர்த்து வெள்ளத்துக்கும் இன்சூரன்ஸ் போட்டிருந்தார்கள். போட வைத்தவன் குமுதாவின் தம்பி பாஸ்கர், அந்தக் கம்பெனி ஏஜென்ட். தண்ணீர் வடிந்ததும் இழப்பீடு கேட்கும் மனுப் படிவத்தோடு வந்து நின்றான்.

"மாமா, மதிலை வெள்ளம் தள்ளிடுச்சு. இந்த ஒரு வரி போதும். நாளைக்கு சேதத்தைப் பார்க்க கம்பெனி சர்வேயர் வந்தா தெருவே சாட்சி சொல்லும். நீங்க இடிச்சதா எழுதினா, சொந்தச் செவுத்தை இடிச்சவனுக்கு எவன் பணம் குடுப்பான்? கொட்டகைக்கும் சேர்த்துக் கையை விரிச்சிடுவான். யோசிச்சுப் பாருங்க, வெள்ளம் வரலைன்னா நீங்க கடப்பாரையைத் தொட்டிருப்பீங்களா?"

ஜெயசீலியும் கூடவே வந்திருந்தாள். "கர்த்தர் மன்னிப்பாருண்ணே. நான் வெள்ளம்னுதான் சொல்லுவேன்."

தயாளன் மீசையைத் தடவினான். "வெள்ளம் தள்ளிச்சுன்னா நான் என்னடா பண்ணேன்? மொட்டை மாடியில நின்னு வேடிக்கை பார்த்தேனா? எனக்கு மனுவும் வேணாம், பணமும் வேணாம். கூலிக்கா இடிச்சேன்? நான் இடிச்சதை நானே கட்டிக்கிறேன்."

குமுதா இரண்டு பேரையும் பார்த்தாள். கடைக்காரர்கள் அன்றைக்கே வேறு இடத்தில் மாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கிரைண்டர் வராவிட்டால் அவள் பிழைப்பு அதோடு சரி. இருந்தும் சொன்னாள்: "கேக்கத்தான் வேணும். ஆனா நடந்ததை நடந்தபடி எழுதிக் கேப்போம். சந்து இவர் உடைச்சது, மிச்சம் வெள்ளம் கொண்டுபோனது. இல்லைன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்."

பொய் எழுதிக் கேட்கலாம் என்கிறான் தம்பி. கேட்கவே கூடாது என்கிறான் கணவன். உண்மையை எழுதிக் கேட்போம் என்கிறாள், இழப்பதற்கு அதிகம் உள்ளவள். இந்த மூவரில் யார் சொன்னது சரி?

சொல்லிப் பார்த்தீர்களா? இனி என் கணக்கைக் கேளுங்கள். பாஸ்கர் சொன்னது நிற்காது. சர்வேயர் கூடத்துக்குள் கால் வைத்ததும், மதிலில் இருந்த பொம்மை சேறு படாமல், கயிறு அறுபடாமல் தொங்குவதைப் பார்ப்பார். வெள்ளத்துக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. அதைவிட, அந்த ஒரு வரி தயாளன் செய்த காரியத்தையே கால்வாயில் போட்டுவிடும். தயாளன் சொன்னதும் சரியில்லை. மதில் அவனுடையது, விட்டுக்கொடுக்கலாம். கிரைண்டர் குமுதாவுடையது. அவள் பிழைப்பை வைத்து அவன் மீசையை முறுக்கக்கூடாது. குமுதா சொன்னதுதான் சரி. கம்பெனி கொடுப்பது கம்பெனி பாடு, உள்ளதைச் சொல்லிக் கேட்பது நம் பாடு. தயாளனுக்கும் கடைசியில் அது உறைத்தது. மனுவை வாங்கித் தன் கையாலேயே எழுதினான். 'தெருத் தண்ணீருக்கு வழிவிட மதிலில் சந்து உடைத்தது நான்' என்ற இடத்தில் மட்டும் எழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை.