நெருங்கி வந்த கோடுகள்

ஏரிக்கரைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்த கரிச்சான் குருவிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கிளைக்குக் கிளை தாவும். தாவுகிற இடத்தில் ஒரு குரல் எடுக்கும். தவளை எச்.எம். செருமுவது மாதிரியே செருமும். வகுப்பே எழுந்து நிற்கும். எச்.எம். அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

புவியியல் பாடத்தையும் அது இப்படித்தான் தாண்டியது. நாரை சார் கேள்வி கேட்டால் நாரை சார் குரலிலேயே பதில் வரும். "சம உயரக் கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்துச் சரிவு. விலகி இருந்தால் மென்சரிவு. புரிகிறதா பசங்களா?" அந்த 'புரிகிறதா'வைக்கூட விடாது. சாருக்குப் பெருமை தாங்காது. நூற்றுக்கு நூறு போட்டுவிடுவார்.

பொதுத்தேர்வு வந்தது. முதல் தேர்வே புவியியல். தேர்வு மையமோ குன்றுக்கு அந்தப்புறம். பத்து மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். போன வருஷம் ஆமை போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. இந்த வருஷமும் விட்டால் பள்ளியில் பெயரை அடித்துவிடுவார்கள்.

விடிந்ததும் ஆமை, முள்ளம்பன்றி, சருகுமான், கரிச்சான் நாலு பேரும் கிளம்பினார்கள். ஆமை ஹால் டிக்கெட்டைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருந்த, மையத்துக்கு வழி காட்டும் சம உயரக் கோட்டுப் படத்தைப் பார்த்தது.

"ஓடைக்கரையோடு சுத்திப் போவோம். இப்பவே நடந்தா நேரத்துக்குப் போயிடலாம்."

"சுத்தியா? குன்று மேல நேரே போனா பாதி தூரம்தான், ஆமை அண்ணே," என்றது கரிச்சான். அதற்கு இறக்கை குறுகுறுத்தது.

"குன்றுக்கு அந்தப் பக்கம் கோடெல்லாம் நெருக்கமா இருக்குடா."

"அண்ணன் கோட்டை எண்ணி முடிக்கறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்."

சருகுமான் சிரித்தது. ஆனாலும் ஓடைப்பக்கம்தான் திரும்பியது. கரிச்சானுக்குப் பொறுக்கவில்லை. சத்தமில்லாமல் நாணலுக்குள் புகுந்தது. வழியனுப்ப வருவதாக நாரை சார் முந்தின நாளே சொல்லியிருந்தார். அது போதாதா?

"பசங்களா, நேர் வழியில் போங்க. புரிகிறதா?" என்றது நாணல்.

"சாரே சொல்லிட்டாரே," என்று ஆமை படத்தை மடித்தது.

இந்தப் பக்கம் ஏற்றம் சுலபமாகத்தான் இருந்தது. முள்ளம்பன்றி மூக்கால் தள்ளத் தள்ள ஆமை ஏறியது. கரிச்சான் முன்னால் பறந்து, திரும்பி வந்து, மறுபடி பறந்தது. உச்சிக்கு வந்ததும் மூவரும் நின்றுவிட்டார்கள்.

"ஏன் நின்னுட்டீங்க? அதோ தெரியுது பாரு மையம்."

"தெரியுது. எங்க காலை எங்க வைக்கறது?" என்றது சருகுமான்.

கரிச்சான் முதல்முறையாகத் தரையில் இறங்கி எட்டிப் பார்த்தது. பாறை சுவர் மாதிரி கீழே போனது.

"கோடுகள் நெருங்கி இருந்தால்?" என்று ஆமை மெதுவாகக் கேட்டது.

"செங்குத்துச்..." நாரை சார் குரலில் ஆரம்பித்த கரிச்சான் பாதியில் சொந்தக் குரலுக்கு வந்தது. "அது சார் சொன்னதில்ல. நான்தான் நாணலுக்குள்ள இருந்து சொன்னேன்."

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்து, பிறகு படிய விட்டது. கீழே முதல் மணி அடித்தது.

"திரும்பி ஓடை வழியா வந்தா மத்தியானம் ஆயிடும்," என்றது ஆமை. "நீ போ. உனக்கு இறக்கை இருக்கு."

கரிச்சான் போனது. தேர்வு அறையில் கேள்வித்தாளைப் பிரித்தது. ஒரு குன்றின் படம். 'நடந்து செல்ல ஏற்ற வழியைக் குறித்து, காரணம் எழுதுக.'

ஓடைக்கரை வழியைக் குறித்தது. காரணமும் எழுதியது. ஒரு வார்த்தைகூட நாரை சாருடையதில்லை. முழு மதிப்பெண் கிடைக்கும் பதில். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் மூன்று இருக்கைகள் காலியாக இருந்தன. மூன்று மணி நேரமும் அது அசையாமல் உட்கார்ந்திருந்தது.

புரியாமல் ஒப்பிக்கிற பாடம் ஒப்பிப்பவனுக்கு மதிப்பெண் வாங்கித் தரும்; அவனை நம்பி நடந்தவர்களையோ நடுவழியில் நிறுத்திவிடும்.