பானை ஏறாத அடுப்பு

வா ஆத்தா, என் கையில தலையை வச்சுக்க. ஒரு ஊர்ல ஒரு பொம்பளை இருந்தா. ஒச்சம்மான்னு பேரு. வானம் பார்த்த பூமி அந்த ஊரு. மழை பேஞ்சா குதிரைவாலி வெளையும், பேயலைன்னா புழுதிதான் பறக்கும். 'ம்' கொட்டு. கொட்டுனாத்தான் கதை வரும்.

நல்லா வெளைஞ்ச ஒரு வருஷம், ஒச்சம்மா களத்துல உக்காந்து முத்துன கதிராப் பார்த்துத் தனியாப் பெறக்குனா. அடிச்சு, தூத்தி, வெயில்ல காயவச்சு, ஒரு மணியை எடுத்துக் கடிச்சுப் பார்த்தா. 'நசுக்'குன்னுச்சு. ஈரம் இருக்கு. திரும்பக் காயவச்சா. அப்புறமும் கடிச்சா. 'கடக்'! ஆங், இப்பத்தான் அது விதை. நெழல்ல ஆறவிட்டு, சாம்பலும் நொச்சி எலையும் கலந்து, ஒரு பெரிய சுரைக்குடுக்கைக்குள்ள போட்டு, வாயைத் துணியால அடைச்சு, மேல களிமண்ணைப் பூசிட்டா. அடுப்புக்கு நேர் மேல உத்தரத்துல தொங்கவிட்டா. அன்னாடம் புகை பட்டா வண்டு அண்டாதுல்ல, அதுக்காக.

அப்புறம் மழை பொய்ச்சுது. முதல் தூத்தலை நம்பி ஊரே இருந்த விதையெல்லாம் விதைச்சுச்சு. மொளைச்சது கருகிப்போச்சு. ஒச்சம்மாவும் விதைச்சா, ஆனா பாதியைத்தான். மீதியைக் கொட்ட அவளுக்குக் கை வரலை. அடுத்த வருஷம் தூத்தல்கூட இல்ல. அவ புருஷன் பேயாண்டி கெணறு வெட்டுற வேலை தேடி மேக்க போயிட்டான். வீட்ல அவளும் மக பூவாயியும்தான்.

அந்தக் குடுக்கையைத் தேடி முதல்ல வந்தது பசி. பூவாயி மேல அண்ணாந்து பார்ப்பா.

"யம்மா, அதை எறக்கும்மா. ஒரே ஒரு தடவை."

ஒச்சம்மா கயித்துல கை வச்சுட்டா. புள்ள மொகத்தைப் பார்த்தா முடிச்சை அவுக்கத்தான் தோணுது. அவுக்கலை. புள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு காட்டுக்குப் போனா. சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பறிச்சு, முள்ளை மண்ணுல தேச்சு எடுத்துட்டுக் குடுத்தா. புள்ள வாயெல்லாம் செவசெவன்னு. அதுதான் அன்னைக்குச் சோறு. மறுநாளும் அதுதான்.

தூங்கிட்டியா? ம்... சரி.

ரெண்டாவதா வந்தது வண்டு. காய்ச்ச ஒண்ணும் இல்லாட்டி அடுப்பு எதுக்கு எரியும்? அடுப்பு எரியலைன்னா புகை ஏது? ஒருநா குடுக்கைகிட்ட காதை வச்சா, உள்ள 'கரக்... கரக்...'குங்குது. எறக்கி, மண்ணை ஒடைச்சு, வெயில்ல பரப்பி, வண்டு விழுந்ததைப் பொடைச்சுத் தள்ளி, புதுசாச் சாம்பல் கலந்து அடைச்சா. அப்புறம் தெனமும் சுள்ளி பெறக்கிட்டு வந்து, பானையே வைக்காம வெறும் அடுப்பை மூட்டுனா. புகை மேல போயிக் குடுக்கையைத் தொடுற வரைக்கும் பக்கத்துலயே இருப்பா.

அப்போ என்னாச்சு தெரியுமா? ஊர்ல எந்தக் கூரையிலயும் புகை இல்ல. அவ கூரையில மட்டும் இருக்கு!

மூணாவதா வந்தது ஊரு. உச்சிவெயில்ல தடதடன்னு வந்து வாசல்ல நின்னாங்க. முன்னாடி நின்னவன் வீரணன்னு ஒருத்தன்.

"எல்லாரும் பட்டினி கெடக்கோம், நீ மட்டும் தெனம் பொங்கித் திங்குறியா?"

அவன் பக்கத்துல கஞ்சி குடிக்கிற கும்பாவை ஏந்திக்கிட்டு நாகம்மா நின்னா. அடுத்த வீட்டுக்காரி. அவளைப் பெத்த ஆத்தா வயசாளி, வீட்ல சுருண்டு கெடக்கா.

ஒச்சம்மா தடுக்கலை. "உள்ள வந்து பாருங்க"ன்னா. பார்த்தாங்க. தீ எரியுது. தீ மேல பானை இல்ல.

"இது என்னடி?"

"விதைக்குப் புகை போடுறேன்."

வீரணனுக்கு இன்னும் கோவம் போகலை. "அதைக் கொட்டிக் காய்ச்சு. ஆளுக்கு ஒரு வாய் குடிக்கட்டும்."

ஒச்சம்மா குடுக்கையை எறக்கி எல்லாருக்கும் நடுவுல வச்சா. வச்சுட்டு கையை எடுத்துட்டா. "இன்னைக்கு ஒரு நேரக் கஞ்சிக்கு வரும். நாளைக்கு மழை பேஞ்சா, எதை விதைப்போம்? சொல்லுங்க. காய்ச்சுங்கன்னா நானே காய்ச்சித் தர்றேன்."

நாகம்மாதான் குனிஞ்சு குடுக்கையைத் தூக்குனா. ஆட்டிப் பார்த்தா. சலக்... சலக்... அவ கண்ணுல தண்ணி வழியுது. அப்புறம் அவளே கையை ஒசத்தி, உத்தரத்துல கட்டிட்டு, காலிக் கும்பாவை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அன்னையிலருந்து ஒரு வீடு மாத்தி ஒரு வீடு ஒச்சம்மா அடுப்புக்குச் சுள்ளி கொண்டாந்து போட்டுச்சு. வீரணனும் போட்டான். ஆனா, மழைக்கு முன்னாடியே நாகம்மாவைப் பெத்த ஆத்தா செத்துப்போச்சு.

அப்புறம் ஒருநா, சடசட சடசடன்னு மழை. ஒச்சம்மா கொஞ்சம் விதையை ஈரத்துணியில முடிஞ்சு வச்சுப் பார்த்தா. சிலது செத்திருந்துச்சு. மத்ததெல்லாம் வெள்ளை மூக்கை நீட்டிருந்துச்சு. ஊரைக் கூப்பிட்டா. முதக் கைப்பிடியை நாகம்மாவுக்கு அள்ளுனா. நாகம்மா வாங்கிக்கிட்டு நகரவே இல்ல.

"அன்னைக்கே காய்ச்சியிருந்தா எங்க ஆத்தா பொழைச்சிருக்குமா, ஒச்சு?"

இல்லைன்னு சொல்லிட்டா லேசாப் போயிரும். ஒச்சம்மா அப்படிச் சொல்லலை. "தெரியலை நாகு"ன்னா. "நெசமாவே தெரியலை. எனக்கும் தெனம் அதுதான் நெனப்பு."

நாகம்மா முந்தியில விதையை முடிஞ்சுக்கிட்டு காட்டைப் பார்த்து நடந்தா.

வெளைஞ்சுது ஆத்தா. பேயாண்டியும் அறுப்புக்கு வந்து சேர்ந்துட்டான். அறுத்து, குத்திப் பொடைச்ச அன்னைக்கு, நாகம்மா ஒச்சம்மா வாசல்ல வந்து நின்னா.

"கஞ்சி காய்ச்சியிருக்கேன். வா."

ஒச்சம்மா போனா. மூணு கும்பாவுல ஊத்தியிருந்துச்சு. ஒண்ணு நாகம்மாவோட ஆத்தா சுருண்டு கெடந்த செவத்தோரமா, யாருக்குன்னு ரெண்டு பேரும் சொல்லிக்கலை. பக்கத்துல பக்கத்துல உக்காந்து, மெல்ல மெல்ல ஊதிக் குடிச்சாங்க.

கதையும் ஆறிருச்சு, உன் கண்ணும் சொருகிருச்சு. தூங்கு ஆத்தா, தூங்கு.