தடம் இல்லாத களம்

நடக்க நடக்க விட்டுக்கொண்டே போகிறோம். ஆனாலும் நம்மிடம் எதுவும் குறைவதில்லை. அது என்ன?

காலடித் தடம் என்று சொல்லிவிட்டீர்கள். தணிகாசலத்தைக் கேட்டிருந்தால் உங்களை முந்தியிருப்பார். அவருக்கு அதைவிட்டால் வேறு நினைப்பே கிடையாது.

அவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். போரின்போது, கண்ணிவெடி புதைத்த வயல் ஒன்றைக் கடக்க வேண்டி வந்தது. முன்னால் போனவரின் தடத்தில் கால் வைத்து இவர் நடந்தார். இவருடைய தடத்தில் கால் வைத்து இவருடைய சிநேகிதன் வந்தான்.

பாதி வழியில் சிநேகிதன் ஓர் அடி விலக்கி வைத்தான்.

இவர் மட்டும் ஊர் திரும்பினார்.

ஊரில் அரிசி ஆலை வைத்தார். ஆலை நன்றாக ஓடியது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்த்தால் தானியம் இவருடையது. மழையில் பள்ளிக்கூடத்துச் சுவர் இடிந்தபோது கட்டிக் கொடுத்தவரும் இவர்தான். ஆனால் நெல் காயும் களத்தைக் குறுக்கே மட்டும் கடக்கமாட்டார். சுவரோரமாக, நேற்று நடந்த இடத்திலேயே நடப்பார்.

"முதலாளிக்கு மட்டும் தண்டவாளம் போட்டிருக்கு" என்று களத்துப் பெண்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

ஒருநாள் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. மகள் கோதை விளையாட்டு மைதானத்தில் இறங்குவதே இல்லையாம். ஓரத்திலேயே நிற்கிறாளாம். ஏன் என்று கேட்டால், "அப்பா இங்க நடக்கல" என்கிறாளாம்.

தணிகாசலத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மலையடிவாரத்தில் குடிசை போட்டிருந்த துறவி அம்மையைத் தேடிப் போனார். அம்மை அவரைவிட வயதில் சின்னவர். முறத்தில் சுண்டைக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என் பயம் பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சு. எடுத்துவிடுங்க."

"யாருடையதை?"

"என்னுடையது கிடக்கட்டும். அவளுடையதை."

அம்மை முறத்தை ஒருமுறை குலுக்கினார்.

"நாளைக்கு நெல் காயப்போடுவீங்களா, ஹவில்தாரே?"

"போடுவோம்."

"வரேன்."

மறுநாள் அவித்த நெல்லைக் களம் முழுவதும் பரப்பி, பலகையால் தள்ளிச் சமப்படுத்தியிருந்தார்கள். ஒரு தடமும் இல்லை. தூரத்து மூலையில் மட்டும் குருவிகள் இறங்கி நெல்லைக் கொத்திக்கொண்டிருந்தன.

தணிகாசலத்தைக் குறுக்கே நடந்து எதிர்ப்பக்கம் போகச் சொன்னார் அம்மை. மகள் பின்னால் வரட்டும் என்றார்.

சிமெண்டுத் தரை. தணிகாசலமே பக்கத்தில் நின்று போடவைத்தது. கீழே ஒன்றும் இல்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. நடந்தார். பின்னால் கோதை, அவர் வைத்த இடத்தில் கால் வைத்து வரும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

எதிர்ப்பக்கம் ஏறியபோதுதான் குரல் வந்தது.

"அப்பா, எட்டல."

திரும்பினார். கோதை களத்தின் நடுவில், காலை அகட்டி வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து, அவளைச் சுற்றிக்கொண்டு அம்மை வந்துகொண்டிருந்தார். நெல் தள்ளும் பலகையைத் தனக்குப் பின்னால் இழுத்தபடி, தணிகாசலத்தின் தடங்கள்மேல் வந்தார். அவர் தடமும் அழிந்தது, அம்மையின் தடமும் அழிந்தது.

கோதைக்கு முன்னாலும் ஒன்றும் இல்லை. பின்னாலும் ஒன்றும் இல்லை.



"அப்பா, அடுத்தது எங்க?"

தணிகாசலம் ஒரு காலைத் தூக்கினார்.

"போங்க" என்றார் அம்மை, பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தபடி. "போனா மறுபடியும் தடம் விழும்."

"பயந்துடுவா, அம்மா."

"ஆமாம்."

"கீழே ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

  

எடுத்த காலை, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

கோதை அப்பாவைப் பார்த்தாள். அம்மையைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள்.

பிறகு குருவிகள் இருந்த மூலைக்குப் போனாள்.